மழை பெய்தால் குளியலறையில் கழிவுநீர் பொங்குகிறது: அவசர உதவி தேவை

புதுமனை
வணக்கம். சித்திரையில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தோம். ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து கீழ்த்தளக் குளியலறையின் தண்ணீர் போகும் துவாரத்தில் கறுப்பாகக் கழிவுநீர் பொங்கி வருகிறது. அமிலம் ஊற்றிப் பார்த்தேன். அடைப்பு எடுப்பவர் வந்து கம்பி விட்டுக் குத்தினார். பயனில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

கரைமேடு
எந்த ஊர்? செப்டிக் டேங்கா, பாதாளச் சாக்கடை இணைப்பா? மழை இல்லாத நாளில் பொங்குகிறதா? மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போய் விழுகிறது? இவை தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. அமிலம் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். அதே குழாயில் யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

தென்னந்தோப்பு
வாசலில் மரம் இருக்கிறதா? வேர்தான் காரணம். எங்கள் வீட்டில் கல்நார்க் குழாயின் இணைப்புக்குள் வேர் புகுந்து, வெளியே எடுத்தபோது சடை போல வந்தது.

காற்றோட்டம்
வேராக இருந்தால் கோடையிலும் அடைத்திருக்கும். டேங்கிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடிவிட்டால் தண்ணீர் இறங்காமல் குமிழியிடும்.

மூத்தபொறியாளர்
ஒவ்வோர் ஐப்பசியிலும் இதே கேள்வி வருகிறது. கோடையில் வீடு பார்க்கிறார்கள். புது ஓடு, புது வண்ணம் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். தெரு மட்டத்துக்கு வீட்டுத் தரை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ஒருவரும் அளப்பதில்லை. சாலையைச் சுரண்டாமல் மேல்மேலே தார் போட்டுப் போட்டுப் பழைய வீடுகளெல்லாம் பள்ளத்துக்குள் போய்விட்டன. வாங்கும் முன் இங்கே கேட்டிருந்தால் இரண்டு வரியில் சொல்லியிருப்பேன்.

புதுமனை
சென்னையை அடுத்த முடிச்சூர். செப்டிக் டேங்க். லாரி வரவழைத்து முழுவதும் உறிஞ்சினோம். அன்று இரவு மழை. காலையில் டேங்க் நிறைந்திருந்தது. மாடியில் யாரும் இல்லை. மற்றவை பார்த்துச் சொல்கிறேன்.

கரைமேடு
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரே இரவில் ஒரு குடும்பம் அந்த டேங்கை நிரப்ப முடியாது. வெளித்தண்ணீர் உள்ளே வருகிறது. வழி இரண்டுதான். ஒன்று, மொட்டைமாடிக் குழாயை யாரோ டேங்க்குக்குப் போகும் குழாயில் சேர்த்திருக்கிறார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர். எந்த வீட்டு டேங்கும் திணறும். மற்றொன்று, நிலத்தடி நீர் உயர்ந்து டேங்க் சுவரிலோ, டேங்கிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கும் உறைகிணற்றின் வழியாகவோ ஊறுகிறது.

மழை விட்டதும், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளியில் கரைத்து மாடித் துவாரத்தில் ஊற்றுங்கள். பின்னாலேயே நாலைந்து வாளி வெறும் தண்ணீர். ஒருவர் வெளியில் நின்றபடி டேங்க் மூடியைச் சற்றே நகர்த்தி, குழாய் வாயைப் பார்க்கட்டும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகவோ நெருப்புப் பற்றவைக்கவோ வேண்டாம். நீலம் வந்தால் விடை கிடைத்துவிட்டது. வராவிட்டால், மழையில்லாத ஓர் இரவு முழுவதும் தண்ணீர் புழங்காமல் இருந்து, குச்சி விட்டு மட்டம் பாருங்கள். ஏறியிருந்தால் நிலத்தடி நீர்தான் ஊறுகிறது.

மழைக்காலத்தில் டேங்கை ஒட்ட உறிஞ்சாதீர்கள். ஃபைபர் டேங்க் என்றால் மண்ணிலிருந்து மிதந்து எழும்பும்; செங்கல் சுவர் என்றால் வெளி அழுத்தத்தில் விரிசல் விடும்.

வடிகால்வேலு
இவ்வளவு எதற்கு? ஓர் ஆளை உள்ளே இறக்கினால் அரைமணியில் குழாயைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கரைமேடு
வேலு அண்ணே, அந்தப் பேச்சே வேண்டாம். டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு நிற்கும். செறிவு மிகுந்தால் நாற்றம்கூடத் தெரியாமல் ஆளைச் சாய்க்கும். தூக்கப் போகிறவரும் விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 14420 என்ற எண்ணில் கேட்டால் இயந்திரத்துடன் வருவார்கள்.

பத்திரம்பார்ப்பவர்
விற்றவரை ஏன் விடுகிறீர்கள்? சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, 55ஆம் பிரிவு: வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெருங்குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியாக வேண்டும். படம் எடுத்து வையுங்கள்.

மூத்தபொறியாளர்
2015 டிசம்பரில் முடிச்சூரில் படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். ஊரறிந்த செய்தி. இதைக் கண்டுபிடிக்க முடியாத குறை என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வீர்கள்?

பத்திரம்பார்ப்பவர்
ஐயா, ஊரில் வெள்ளம் வந்தது வேறு, தரைக்கடியில் குழாயை மாற்றிச் சேர்த்தது வேறு. அடையாற்று வெள்ளத்தை அந்த விற்றவர் மறைக்கவில்லை, குழாயை மறைத்திருக்கலாம்.

மூத்தபொறியாளர்
மறைத்தாரா, அவருக்கும் தெரியாதா? அதை நிரூபிப்பதற்குள் நாலு மழைக்காலம் போய்விடும். வாங்குபவர் ஐப்பசியில் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் வழக்கே இல்லை.

மழைத்தாய்
சண்டை அப்புறம். தம்பி, வீட்டில் கிணறோ ஆழ்துளையோ இருக்கிறதா? உறைகிணற்றுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும். சின்ன மனைகளில் அது அரிது. குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், குளிப்பாட்டவும் வேண்டாம். பரிசோதனைக்குக் கொடுங்கள்.

புதுமனை
நீலம் டேங்கில் வந்தது. கொத்தனார் பின்பக்க நடைபாதை ஓட்டைப் பெயர்த்தார். அடியில் குழாய்கள் வந்து சேரும் ஒரு சேம்பர், மூடிமேலேயே ஓடு பதித்திருக்கிறார்கள். மாடிக் குழாய் அதில்தான் இறங்குகிறது. தெருப்பக்கம் போன பழைய வாய் சிமெண்டால் அடைத்திருந்தது. இப்போதைக்குக் குழாயை அறுத்து வாசல் பக்கம் திருப்பியிருக்கிறோம். நேற்றைய மழைக்குப் பொங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

தென்னந்தோப்பு
சேம்பருக்குள் வேர் இருந்ததா?

கரைமேடு
மகிழ்ச்சி. அந்தச் சேம்பரை மறுபடி ஓடு போட்டு மூடாதீர்கள். வாசலில் விழும் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். அதில் கழிவு கலக்கவே கூடாது. மழையில்லாத இரவில் டேங்க் மட்டம் ஏறுகிறதா? அதைச் சொல்லவில்லையே.