மறுமொழி: ‘டர்ட்டி ஏர்’ என்பதற்குக் கலங்கல் காற்று

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார்ப் பந்தயத்தில் முன்னால் ஓடும் கார் குலைத்துவிட்டுப் போகும் காற்றை ஆங்கிலத்தில் ‘டர்ட்டி ஏர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘அழுக்குக் காற்று’ என்று இங்கே வந்த முன்மொழிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நான் இருப்பது தண்டையார்பேட்டையில். இங்கே அழுக்குக் காற்று என்றால் மணலிப் பக்கத்திலிருந்து வரும் நெடி, எண்ணூர்ச் சாம்பல். ‘முன்காரின் அழுக்குக் காற்றால் பின்கார் முந்த முடியவில்லை’ என்று எழுதினால் எங்கள் தெருப் பிள்ளைகள் புகையைத்தான் நினைப்பார்கள். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த பார்முலா 4 பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். ‘அவ்வளவு நெருங்கியும் ஏன் முந்தவில்லை?’ என்று என்னைக் கேட்டார்கள். அவர்களுக்குப் புரியும் சொல்தான் எனக்கு வேண்டும்.

போன வாரம் எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். நெருங்கியதும் எதிர்க்காற்று அடங்கி, வண்டி இலகுவாக ஓடியது. முந்தலாம் என்று வலப்பக்கம் ஒதுங்கினேன். லாரியின் விளிம்பிலிருந்து புரண்டு வந்த காற்று ஹேண்டில்பாரைப் பிடித்து உதறியது. சட்டை எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாமல் படபடத்தது. பின்காரின் ஓட்டுநர் படும் பாடு இதுதான். நேர்ப்பாதையில் முன்கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பது அவருக்கு ஆதாயம். வளைவில் அதுவே இழப்பு. காரைத் தரையோடு அழுத்தும் கீழ்விசை பிறக்கச் சீரான காற்று வேண்டும். குலைந்த காற்றில் அது குறைகிறது, கார் வழுக்குகிறது, டயர் சூடேறித் தேய்கிறது.

இதில் விதிகளின் பங்கு பெரிது. 1983இல் பார்முலா ஒன் கார்களின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அடிப்பாகத்தில் கிடைத்து வந்த கீழ்விசை பெருமளவு போனதால், காரின் முன்னும் பின்னும் பொருத்தும் இறக்கை போன்ற தகடுகளை நம்பும் நிலை வந்தது; இறக்கைகள் வளர வளர, அவை குலைக்கும் காற்றில் பின்னால் வருபவரின் பாடு திண்டாட்டம்தான். 2011இல், முன்காரை ஒரு வினாடி இடைவெளிக்குள் நெருங்கியவர் காற்றுத்தடையைக் குறைத்து வேகமெடுக்கப் பின்னிறக்கையின் மடலைத் திறந்துகொள்ளலாம் என்றார்கள். நோய்க்கு மருந்து தராமல் வலிக்கு மாத்திரை தந்ததாகவே அதைக் கருதுகிறேன். 2022 விதிகள்தாம் நோயைத் தொட்டன: கீழ்விசையில் பெரும்பங்கை மறுபடி அடிப்பாகத்துக்கு மாற்றின. பார்முலா ஒன் தரப்பே வெளியிட்ட கணக்கின்படி, பத்து மீட்டர் பின்னால் வரும் கார் பழைய விதிகளில் 46 சதவீதக் கீழ்விசையை இழந்தது. 2022 விதிகளில் 18 சதவீதம். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் அணிகள் விதியின் இடுக்குகளில் புகுந்து காற்றை மீண்டும் கலக்கிவிட்டன.

‘கலக்கிவிட்டன’ என்று என்னை அறியாமலே எழுதிவிட்டேன். அந்த வினைதான் இதற்குப் பொருத்தம். காசிமேட்டில் விசைப்படகு கிளம்பும்போது அதன் பின்னால் பாருங்கள்: அடிமண் எழும்பி நீர் கலங்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தெளியும். நீருக்குக் கலங்கலும் தெளிவும் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால், காற்றுக்கும் கலங்கல் காற்று, தெளிந்த காற்று என்ற இணை தானாக அமைகிறது. பாடநூலின் ‘சுழற்சி ஓட்டம்’ இயற்பியலுக்குச் சரி. விளையாட்டுச் செய்தியில் ‘சுழல்காற்று’ என்று போட்டால் சூறாவளி என்று நினைத்துவிடுவார்கள்.

கலங்கல் என்பது ஏரியின் மிகுநீர் வழியும் இடம் அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். உண்மை, புழல் ஏரிப் பக்கம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ‘காற்று’ சேர்ந்தபின் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

ஆதாயம் தரும் பாதிக்கு, அதாவது முன்கார் கிழித்துக் கொடுக்கும் காற்றில் இலகுவாக ஓடும் ‘ஸ்லிப்ஸ்ட்ரீம்’ என்பதற்கு, மழைமறைவுப் பகுதி என்று புவியியலில் சொல்வதைப் போல ‘காற்றுமறைவு’ என்று வைக்கலாம். ‘நேர்ப்பாதையில் காற்றுமறைவில் நெருங்கியவர், வளைவில் கலங்கல் காற்றில் பின்தங்கினார்’ என்று எழுதிப் பார்த்தேன். விளக்கக் குறிப்பு இல்லாமலே புரிகிறது.

‘கலங்கற்காற்று’ என்று புணர்த்தி எழுதுவதே முறை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அகராதிப் பதிவில் அப்படியே இருக்கட்டும். செய்தித் தலைப்பில் பிரித்தே எழுத அனுமதி கேட்கிறேன்.