பனி படிந்த ஓடுபாதை: 2005 மிட்வே விபத்துக்குப் பிறகு என்ன மாறியது?

கேள்வி – வெண்முகில்

வணக்கம். வேலைக்காகச் சிகாகோவுக்கு வந்த எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். சென்ற வாரம், வெண்பனி விடாமல் பொழிந்துகொண்டிருந்த இரவில், நான் வந்த விமானம் முதுகெலும்பு அதிரும்படி 'தட்' என்று தரையில் இறங்கியது. மறுகணமே இயந்திரங்கள் இரைந்தன. பனித்தூள் சுழன்றெழுந்து இறக்கை முனையின் விளக்கையே மறைத்துவிட்டது. விமானி தடுமாறிவிட்டார் என்றே அப்போது நினைத்தேன். 2005இல் இதே நகரின் மிட்வே விமான நிலையத்தில் ஒரு விமானம் வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கு வந்ததாக அலுவலக நண்பர் பிறகு சொன்னார். அது ஏன் நடந்தது? இன்று அப்படி நடக்காமலிருக்க என்ன செய்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – தென்திசை

நீங்கள் கண்டது தடுமாற்றம் அன்று. பனி படிந்த பாதையில் பூப்போல இறக்குவதுதான் ஆபத்து. சக்கரங்கள் அழுத்தமாகப் பதிந்தால்தான் அவை உடனே சுழலத் தொடங்கும். இறக்கையின் மேலுள்ள ஸ்பாய்லர் தகடுகள் எழும்பி, விமானத்தின் எடை முழுவதையும் சக்கரங்களின் மேல் சுமத்தும். மென்மையாக இறக்குவதற்காக மிதந்துகொண்டே போனால், அந்தச் சில விநாடிகளில் பல நூறு அடி ஓடுபாதை வீணாகிவிடும்.

மிட்வே விபத்து 2005 டிசம்பர் 8 அன்று இரவு நிகழ்ந்தது. சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737-700 ரக விமானம் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டி, வேலியை உடைத்து, சென்ட்ரல் அவென்யூ சாலையில் கார்களின் மேல் மோதியது. ஒரு காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். எத்தனை முறை அந்த விசாரணை அறிக்கையைப் படித்தாலும், அந்த வரியைக் கடக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

காற்று ஏறத்தாழ 8 நாட் (மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ.) வேகத்தில் பின்னாலிருந்து வீசியது. பின்காற்று விமானம் தரையைத் தொடும் வேகத்தைக் கூட்டிவிடும். நிற்பதற்குத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், 120 நாட்டுக்குப் பதில் 130 நாட்டில் தரையைத் தொட்டாலே, பிரேக்குகள் தணிக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 17 விழுக்காடு கூடிவிடும். பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பது பற்றி முன்னால் இறங்கிய விமானிகள் தந்த தகவல்களும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தன. அவற்றில் மோசமானதையே கணக்கில் கொண்டிருந்தால், அந்தப் பின்காற்றோடு அங்கே இறங்கவே கூடாது. வேறு நிலையத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். விமானிகளின் கணினியோ, தரையைத் தொட்டதுமே எதிர் உந்துவிசை (இயந்திரத்தின் உந்துதலை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) இயங்கத் தொடங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டது. உண்மையில் அது இயங்கத் தொடங்கியது ஏறத்தாழ 18 விநாடிகள் கழித்துத்தான். அன்று முதன்முறையாகப் பயன்படுத்திய ஆட்டோபிரேக் (தானாகவே இயங்கும் பிரேக்) விமானிகளின் கவனத்தை எதிர் உந்துவிசையிலிருந்து திருப்பிவிட்டது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. வழுக்கும் பாதையில் டயர்கள் அதிகம் பிடிக்காது. எதிர் உந்துவிசைக்கு டயர்ப்பிடிப்பு தேவையில்லை, வேகம் மிகுந்திருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். இறங்கியதும் நீங்கள் கேட்ட இரைச்சல் அதுதான்.

மறுமொழி – பனிக்கால ஊழியன்

கனடாவில் ஒரு விமான நிலையத்தில் ஓடுபாதையைச் சோதிக்கும் பணியில் இருக்கிறேன். 2005இல் ஓடுபாதையின் நிலை 'நன்று', 'ஓரளவு', 'மோசம்' என்ற சொற்களில் அடங்கியிருந்தது. ஒரு பெரிய விமானத்தின் விமானிக்கு 'ஓரளவு' என்று தோன்றுவது சிறிய விமானத்தின் விமானிக்கு 'மோசம்' ஆகலாம். இப்போது ஓடுபாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை ஓர் எண் தருகிறோம். உலர்ந்த தரைக்கு 6, பனிக்கட்டிக்கு 1, நீர் படிந்த பனிக்கட்டிக்கு 0. அமெரிக்கா இம்முறையை 2016 அக்டோபரில் தொடங்கியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2021 நவம்பரில் உலகெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நடு இரவில் வண்டியின் விளக்கொளியில் குனிந்து, அளவுகோலைப் பனிக்குள் செருகி, 3 மில்லிமீட்டருக்குக் கூடுதலா குறைவா என்று பார்க்கிறோம். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருக்கும். ஆனால் அந்த அளவுக்குள் என்றால் எண் 5, அதைத் தாண்டினால் 3, தாண்டியது நீர் கலந்த கூழ்ப்பனியாயின் 2. இறுகிய பனிக்கு வெப்பநிலையும் முக்கியம்: மைனஸ் 15 பாகை செல்சியஸிலும் அதற்குக் கீழும் 4, அதற்கு மேல் 3. கடுங்குளிரில் இறுகிய பனி நன்றாகப் பிடிக்கும். உருகத் தொடங்கும் பனியைக் கண்டுதான் எங்களுக்குக் கவலை. விமானி எங்கள் எண்ணைத் தம் அட்டவணையில் இட்டுத் தேவையான தூரத்தைக் கண்டறிகிறார். அதன்மேல் குறைந்தது 15 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க விமான நிர்வாகம் 2006இலேயே அறிவுறுத்தியிருந்தது.

கேள்வி – வெண்முகில்

இருவருக்கும் மிக்க நன்றி. எல்லாம் செய்தும் விமானம் நிற்காவிட்டால்? மிட்வேயைச் சுற்றி நாற்புறமும் சாலையும் வீடுகளும்தானே இருக்கின்றன?

மறுமொழி – தென்திசை

ஆம், அந்த நிலையம் ஏறக்குறைய ஒரு சதுர மைலுக்குள் அடங்கியது. பாதையின் முடிவில் ஆயிரம் அடி வெற்றிடம் விட அங்கே வழியில்லை. விபத்துக்குப் பிறகு, எடை தாங்காமல் நொறுங்கும் இலகுவான கான்கிரீட் கட்டிகளைப் பாதை முனைகளில் பதித்தார்கள். சக்கரங்கள் அதில் புதைந்து, மணலில் சிக்கிய வண்டிபோல விமானம் நின்றுவிடும். 2016 அக்டோபரில், அப்போது அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த மைக் பென்ஸ் பயணித்த விமானம் நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் மழையில் பாதையைத் தாண்டியபோது, இத்தகைய படுகைதான் அதை நிறுத்தியது, யாருக்கும் காயமில்லை.