ஊற்றுத் தண்ணீரில் டாப்னியா பெருகவில்லை

கேள்வி (கோத்தகிரி):
மீன்குஞ்சுகளுக்குத் தீனியாக டாப்னியா என்ற குட்டி நீர்த்தெள்ளுகளை வளர்க்கிறேன். கோவையில் மாமா வீட்டு போர் தண்ணீரில் வாளி நிறையத் துள்ளியவை. இங்கே ஊற்றுத் தண்ணீருக்கு மாற்றி மூன்று வாரம். ஈஸ்ட் மட்டும் போடுகிறேன். தோலுரிக்கும்போதே சாகின்றன, பிழைத்தவற்றிலும் இரண்டு மூன்று முட்டைதான். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

பதில் (குன்னூர்):
தம்பி, நம் மலை ஊற்றில் சுண்ணாம்புச் சத்து குறைவு. டாப்னியா ஓடு இறுகுவதே கால்சியத்தால்தான். தோலுரிக்கும்போது பழைய ஓட்டோடு பெரும்பகுதி போய்விடும். மறுபடி தண்ணீரிலிருந்து எடுத்தாக வேண்டும். இதே தவறில் ஒரு தொட்டியையே இழந்திருக்கிறேன். முட்டை ஓட்டைப் பொடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், மெல்லக் கரையும். அப்புறம் ஈஸ்ட் வயிற்றை நிரப்பும். முட்டைக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் அதில் போதாது. வெயிலில் வைத்துப் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் கொடுங்கள். 20 டிகிரியில் நன்றாகத் தின்றால் மூன்று நாலு நாளுக்கு ஒரு ஈடு குஞ்சு வரும். கோத்தகிரிக் குளிரில் தாமதமாகும், பதறாதீர்கள்.

கேள்வி (கோத்தகிரி):
சிலவற்றின் முதுகில் கறுப்பாகச் சேணம் மாதிரி இருக்கிறதே, நோயா அண்ணா?

பதில் (ஊட்டி):
நோய் இல்லை, உறங்கும் முட்டை. நெரிசலும் பட்டினியும் வந்தால் போடும். பாதியை வேறு வாளிக்கு மாற்றுங்கள். உதிரும் கறுப்பு முட்டைகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு தண்ணீரில் போட்டால் பொரிக்கும்.