பிபி 118/92, ஆனால் கை ஜில்லென்று இருந்தது. எப்படி?

கேள்வி: நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி

வணக்கம். போன வாரம் அவசரப் பிரிவில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. பைக் விபத்தில் ஒரு இளைஞர் வந்தார். வயது 24, எடை 60 கிலோ இருக்கும். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. தோல் கிழியவில்லை, வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான்தான் பிபி பார்த்தேன்: 118/92. பல்ஸ் 122. கையைப் பிடித்தால் ஜில்லென்று, பிசுபிசுவென்று வேர்த்திருந்தது. "தண்ணி குடுங்க சிஸ்டர்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிபி நன்றாக இருக்கிறதே, வலியிலும் பயத்திலும் பல்ஸ் ஏறியிருக்கும் என்று நினைத்து, சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் 82/54. அப்புறம் ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து, பிழைத்துக்கொண்டார்.

நான் முதலில் பார்த்தபோதே உள்ளே ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. அப்புறம் எப்படி 118 காட்டியது? ரத்த அழுத்தத்தை உணரும் பேரோரிசெப்டர் பற்றிப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கையைப் பிடித்தபோது அது நினைவுக்கே வரவில்லை.

பதில்: அவசரப் பிரிவு செவிலியர், 19 வருடம்

தங்கச்சி, நீ தொட்ட அந்தக் கைதான் விடை. 118-ஐத் தாங்கிப் பிடித்ததே அந்த ஜில்லிப்புதான்.

தாடை எலும்பின் மூலைக்குக் கீழே, கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அதன் சுவர் லேசாக உப்பியிருக்கும். சுவர் இழுபடுவதை உணரும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன, நீ படித்த பேரோரிசெப்டர் இவைதான். பெருந்தமனி வளைவிலும் உண்டு. இவை ஆபத்து வந்தால் மணி அடிப்பவை என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. அழுத்தம் சரியாக இருக்கும்போது இவை ஓயாமல் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்திதான், ஆபத்தில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலத்தை அடக்கி வைக்கிறது. ரத்தம் குறைந்தால் சுவர் தளர்கிறது, செய்தி குறைகிறது, பிடி விட்டுப்போகிறது. சில நொடிகளில், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு பின்வாங்கும், இதயம் வேகமெடுக்கும். அரை நிமிடத்துக்குள் பரிவு நரம்புகள் முழு வேகத்துக்கு வந்துவிடும்.

முதலில் சிரைகள் இறுகும். உடம்பின் ரத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் சிரைகளில்தான் இருக்கிறது. அவை கொஞ்சம் இறுகினாலே இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும். கூடவே தோல், குடல், சிறுநீரகம், தசை ஆகியவற்றுக்குப் போகும் சிறு தமனிகளும் சுருங்கும். மூளையின் குழாய்களைப் பரிவு நரம்பு அவ்வளவாக இறுக்குவதில்லை. இதயமோ அதிகமாக உழைப்பதால் அதன் குழாய்கள் தாமாகவே விரிகின்றன. ஆக, விரலிலிருந்து எடுத்து மூளைக்கும் இதயத்துக்கும் கொடுக்கிறது உடம்பு. விரல் வெளுக்கிறது, சில்லிடுகிறது. வியர்வைச் சுரப்பிகளுக்கும் பரிவு நரம்புதான் கட்டளை தருகிறது, அதனால்தான் குளிர்ந்த தோலில் வியர்வை.

உன் எண்ணையே இன்னொரு தரம் பார். 118-இல் 92 போனால் 26. சாதாரணமாக 120/80 என்றால் 40 இருக்கும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்ததால் அந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது. குழாய்கள் இறுகியதால் கீழ் எண் மேலே ஏறியிருக்கிறது. மேல் எண்ணை மட்டும் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

60 கிலோ உடம்பில் ரத்தம் சுமார் 4,200 மில்லி. தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் தசைக்குள் தேங்கலாம். அது கிட்டத்தட்ட கால் பங்கு. 30 சதவீதத்தைத் தாண்டும்வரை படுத்திருப்பவரின் மேல் எண் பெரும்பாலும் இறங்காது. தாண்டியபின் கைவசம் எதுவும் மிச்சமில்லை. சிரைகள் ஏற்கெனவே இறுகிவிட்டன, இதயம் துடிக்கிற வேகத்தில் நிரம்புவதற்கே நேரம் போதாது. அதுதான் உன் நாற்பதாவது நிமிடம்.

இனி இப்படிச் செய்து பார். நோயாளியின் கையை நெஞ்சு உயரத்தில் பிடித்து, விரல் நகத்தை ஐந்து நொடி அழுத்திவிட்டு எடு. நகம் வெள்ளையாகியிருக்கும். இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். மூன்று, நான்கு என்று நீண்டால், பிபி என்ன காட்டினாலும் டாக்டரைக் கூப்பிடு. அறையே குளிராக இருந்தால் இது ஏமாற்றும், அதையும் மனதில் வை.

பதில்: மயக்கவியல் மருத்துவர்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பல்ஸ் ஏறவில்லை என்பதால் ரத்தம் போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு லிட்டர் போனாலும் பல்ஸ் 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம். கட்டளை போகிறது, இதயத்தில் அதை வாங்கும் இடம் அடைபட்டிருக்கிறது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டவர்களிடம் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஊசி வேலை செய்யும் பகுதிக்குக் கீழே பரிவு நரம்புகள் தூங்கிவிடுவதால் கால்கள் வெதுவெதுப்பாக இருக்கும்; மற்றவர் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பில் இவருக்குப் பிபி சரிந்துவிடும். அழுத்தம் குறைந்தால் தானாகவே ஈடுகட்டும் இந்த அனிச்சைச் செயல் இல்லாத உடம்பு, அரை மணி நேரத்தில் 15 முதல் 20 சதவீத ரத்தம் போனாலே தாங்காது. இருந்தால் 30 முதல் 40 வரை தாக்குப்பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்

அக்கா, டாக்டர், ரொம்ப நன்றி. 26 என்பதைப் படித்ததும் அழுகையே வந்துவிட்டது. அந்த எண்ணை என் கையால்தான் எழுதினேன். இன்னொன்று: அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அதுவும் இதில் சேர்ந்ததா?

பதில்: அவசரப் பிரிவு செவிலியர், 19 வருடம்

சேர்ந்ததுதான், தங்கச்சி. சிறுநீரகத்துக்குப் போகும் பரிவு நரம்பு ரெனின் என்ற பொருளை வெளியே விடச் சொல்கிறது, அதன் வேலையால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது. இதயத்தின் மேலறைச் சுவரும் தளர்ந்திருப்பதால் மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஒன்று உப்பைப் பிடித்து வைக்கும், மற்றது நீரை. ஆஞ்சியோடென்சின் தாகத்தையும் கிளப்பும். இவை வேலை செய்யப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே அவர் தண்ணீர் கேட்டபோது ரத்தம் போக ஆரம்பித்துக் கொஞ்ச நேரமாகியிருந்தது.

ஆபரேஷனுக்குப் போகப் போகிறவர் என்றால் குடிக்கக் கொடுக்காதே, பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்று. "தண்ணீர் கேட்கிறார்" என்று சார்ட்டில் நேரம் போட்டு எழுது. டாக்டரிடம் வாயாலும் சொல்.