தண்ணீர் மாற்றினால் ஹேமர் பவளம் சுருங்குகிறது, உதவுங்கள்

வணக்கம். சென்னை வீட்டில் 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி). வாரம் 20 லிட்டர் மாற்றுகிறேன். டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டும், வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்ஓடிஐ தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இரவு முழுக்க பம்ப் ஓடவிட்டு, உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 26 டிகிரி பார்த்த பிறகே ஊற்றுகிறேன். அப்படியும் மறுநாள் ஹேமர் பவளம் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டு எலும்பு தெரிய நிற்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

தொட்டியின் காரத்தன்மை 8 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), புதுத் தண்ணீரில் 11. பத்தில் ஒரு பங்குதானே, 0.3 தான் ஏறும். அதற்கா இவ்வளவு? உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில்தான் சரிபார்த்தேன், 35 பிபிடி சரிபார்ப்புத் திரவத்தில் இல்லை. தவறு அங்கேயா? அப்புறம், உப்பு கலக்கும் வாளியின் அடியில் வெள்ளையாக மாவு போலப் படிகிறது, கையில் தேய்த்தாலும் கரையவில்லை. அதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றலாமா? இதே சிக்கலைச் சமாளித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், ஞாயிறு அடுத்த மாற்று.