பெரிய வீட்டுக் குழு: பூண்டு மூட்டை

நான் (காலை 7:12)
நேற்று சாயங்காலம் ஏரிச் சாலையில் ஒரு கடை முன்னால் நின்றிருந்தேன். 'கொடைக்கானல் மலைப்பூண்டு, புவிசார் குறியீடு பெற்றது' என்று பெரிய போர்டு. இந்த மலையில் விளைந்ததற்கு மட்டும்தான் அந்தப் பேர் என்று அரசு தருகிற அடையாளம் அது. கீழே சாக்கில் இருந்தது வெள்ளை வெளேரென்று லாரியில் ஏறி வந்த பூண்டு. சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, "பூம்பாறைப் பூண்டுதானே? மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், அதற்காகத்தான்" என்று கேட்டார். கடைக்காரர் தயங்காமல் ஆமாம் என்றார். 2 கிலோ வாங்கிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை.

பூம்பாறை அத்தை (7:15)
எந்தக் கடை?

நான் (7:15)
பேர் வேண்டாம் அத்தை. ஒரு கடை மட்டும் இப்படி இல்லை.

பூம்பாறை அத்தை (7:24)
நம் பூண்டை ஒரு பல் உரித்தாலே தெரிந்துவிடும். தோல் பழுப்பாக இருக்கும், உரித்த விரலில் மறுநாள் வரைக்கும் வாடை போகாது. பிடுங்கி, தாளோடு சேர்த்துக் கட்டி, புகையில் தொங்கவிட்டு எடுக்கிறோம். என் கண் இரண்டும் அந்தப் புகையில்தான் போச்சு. 2019ல் குறியீடு கிடைத்தது, பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே வருஷம்தான். அன்றைக்கு வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். இப்போது பேர் ஒருத்தர் கடையில் இருக்கிறது, பூண்டு என் வீட்டில் தொங்குகிறது.

கடை சித்தப்பா (7:31)
_இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

கடை சித்தப்பா (7:38)
அக்கா, கடை வைத்திருக்கிறவன் பாட்டையும் கேளுங்கள். சம்பாதிப்பது ஏப்ரல், மே இரண்டு மாதம். வாடகை 12 மாதத்துக்கும் கட்ட வேண்டும். 2024ல் மலைக்கு வருகிறவர்கள் ஆன்லைனில் பதிந்து வாங்க வேண்டிய இ-பாஸ் வந்ததிலிருந்து கூட்டம் எப்படி இருக்கும் என்று கணக்கே போட முடியவில்லை. பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு 'மலைப்பூண்டு' என்று விற்கும்போது நிஜமானதை யார் வாங்குவார்கள்? ஊரே செய்கிறது.

கோவைத் தம்பி (8:02)
சித்தப்பா, கோபப்படாதீர்கள். ஊரே செய்கிறது என்றதும் எனக்கு 2015 ஃபோக்ஸ்வாகன் விஷயம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் சர்வீஸ் சென்டரில் அப்போது தினமும் அதே பேச்சு. சோதனை நடக்கிறதா என்று கண்டுபிடிக்கிற ஒரு மென்பொருளை டீசல் காரில் வைத்திருந்தார்கள். சோதனையில் புகை சுத்தமாக இருக்கும், ரோட்டில் இறங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயு அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கருவியை வண்டியிலேயே கட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்ததால்தான் மாட்டியது. எனக்குக் கோபம் அந்த மென்பொருள் மேல்கூட இல்லை. எத்தனை இன்ஜினியருக்குத் தெரிந்திருக்கும்! தெரிந்தும் காலையில் வேலைக்கு வந்து, மதியம் சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பார்களே.

நான் (8:04)
நானும் நேற்று அப்படித்தானே வீட்டுக்கு வந்தேன்.

பெரியப்பா (8:40)
மெதுவாகத்தான் டைப் செய்ய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.
நம் ஊர் தெர்மாமீட்டர் ஆலையைச் சின்னவர்கள் பேப்பரில்தான் படித்திருப்பீர்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் ஆலை தள்ளிவிட்ட உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடிக் குவியலை நானே போய்ப் பார்த்தேன். உடைந்த குழாய்க்குள் பாதரசம் மணி மணியாக நின்றது. சாக்கைத் தூக்கிப் போட்ட பையனின் கையில் உறைகூட இல்லை. ஊர்க்காரர்கள் சத்தம் போட்ட பிறகுதான் ஆலையை மூடினார்கள். 2003ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஆலையில் வேலை செய்த 591 பேரோடு பண உதவிக்கு உடன்பாடு ஆனது 2016ல். நடுவே 15 வருஷம், எத்தனை பேர் காத்திருந்தார்கள்!
வியாபாரி என்றாலே ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்லமாட்டேன். 1982ல் சிகாகோ பக்கம் டைலனால் என்கிற வலி மாத்திரையில் யாரோ சயனைடு வைத்து 7 பேர் செத்தார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் பேரில் குற்றம் இல்லை. இருந்தாலும் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் பாட்டிலைத் திரும்ப எடுத்தார்கள். அப்புறம் பிரித்தால் தெரிகிற மாதிரி சீல் வைத்து மறுபடி விற்றார்கள், ஜனங்களும் வாங்கினார்கள்.
தம்பி, உன் கடையில் அந்தச் சாக்கு இருக்கிறதா?

கடை சித்தப்பா (9:15)
இருக்கிறது அண்ணே. 2 மூட்டை. மத்தியப் பிரதேசச் சரக்கு. போர்டு மலைப்பூண்டு என்றுதான் இருக்கிறது. முதலில் அதைத்தான் எழுதி, அழித்துவிட்டேன்.

பூம்பாறை அத்தை (9:16)
டேய்.

கடை சித்தப்பா (9:21)
மூட்டையைத் தூக்கிப் போட முடியாது அக்கா, பணம் முடங்கிவிடும். வேறு அட்டை எழுதி வைக்கிறேன், எந்த ஊர்ச் சரக்கு, என்ன விலை என்று. இந்த வாரம் வியாபாரம் படுக்கும், தெரியும். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?

பூம்பாறை அத்தை (9:30)
விதைக்கு எடுத்தது போக 40 கிலோ புகையில் தொங்குகிறது. விலையைக் குறைக்கமாட்டேன், தம்பி என்றாலும் அதே விலைதான். நாளைக்கு முதல் பஸ்ஸில் 15 கிலோ ஏற்றுகிறேன், மூஞ்சிக்கல் ஸ்டாப்பில் வந்து இறக்கிக்கொள்.

நான் (9:33)
நான் போய் இறக்கி வைக்கிறேன் சித்தப்பா. அட்டையையும் நானே எழுதித் தருகிறேன், உங்கள் கையெழுத்து யாருக்கும் புரியாது.

கடை சித்தப்பா (9:34)
சரி. கொட்டை எழுத்தில் எழுது.