பிறேக் பெடல் ஆழத்துக்குப் போய்த்தான் பிடிக்கிறது. பெரிய டிஸ்க் போட்டால் சரி வருமா?

கேள்வி (கொக்குவில்):
கார் 2003 ரொயோட்டா கொரோலா 121. பிறேக் முன்னுக்கு டிஸ்க் (தட்டு), பின்னுக்கு டிரம் (உருளை). தினமும் பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு மாதமாக முதல் தரம் மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கித்தான் பிறேக் பிடிக்கிறது. விட்டு உடனே மிதித்தால் மேலேயே பிடிக்கிறது. போன கிழமை நாவற்குழியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. கார் நின்றதுதான், ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. பின்சீற்றில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் முன் பாட் புதிது. கோடு வெட்டிய பெரிய டிஸ்க்கும், பாட்டை அழுத்துகிற கலிப்பரைப் பெரிதாகவும் போடச் சொல்கிறார்கள் ஒரு கராஜில். போடலாமா?

பதில் (சுன்னாகம்):
தம்பி, அந்தக் காசு இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். அப்படியான டிஸ்க் உதவுவது பிறேக் கடுமையாகச் சூடேறும் ஓட்டத்தில்தான். நுவரெலியா இறக்கத்தில் ஆள் நிறைய ஏற்றி வருகிறவருக்குச் சூடு பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் இறக்கம் ஏது?

இரண்டாம் மிதிக்குப் பெடல் மேலே வருகிறது என்றீரே, அதைத்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் பின் டிரம்முக்கும், உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கும். முதல் மிதி அந்த இடைவெளியை மூடுவதிலேயே போய்விடுகிறது. ஹாண்ட்பிறேக் எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது? இன்னொன்று, காரை நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தமாகப் பிடித்துப் பாரும். மெல்ல மெல்ல இறங்கினால், பெடலின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் விடுகிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அப்படியென்றால் காரை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கேட்டவர்:
இறங்கவில்லை அண்ணை. ஹாண்ட்பிறேக் முன்பு ஆறு கிளிக், இப்போது பத்து. பிறேக் ஒயில் தேத்தண்ணி நிறம். எப்போது மாற்றினது என்று தெரியாது.

பதில் (அராலி):
ஒயிலையும் மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பிறகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; கொதித்தால் பிறேக் பிடிக்காது. டொட் 3 என்ற வகை ஒயில் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140. டொட் 4 என்றால் 230, 155. உங்கள் காருக்கு டொட் 4 விடலாம், டொட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன். சீல் உடைக்காத போத்தலாக வாங்குங்கள். பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ற்றை அரித்துவிடும்.

பதில் (சுன்னாகம்):
சரி, முதலில் டிரம்மைக் கழற்றுவியும். உள்ளே பல்லுச் சக்கரம் மாதிரி ஒரு அட்ஜஸ்ரர் இருக்கும். அது தானாகவே இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியது, உப்புக்காற்றில் இறுகிவிடும். கழற்றித் துப்புரவாக்கி, சில்லைக் கையால் சுற்றும்போது ஷூ இலேசாக உரசும் அளவுக்கு வைக்கச் சொல்லும். அதற்குப் பிறகுதான் ஒயில் மாற்றுவதும், எயார் எடுப்பதும் (குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது). முன் கலிப்பர் வழுக்கி நகரும் பின்களையும் (கம்பிகள்) இழுத்துப் பாரும். என் காரில் ஒன்று துரு பிடித்து இறுகி, ஒரு பாட் மட்டும் தேய்ந்து இரும்பே தெரிந்தது. அதற்குச் சிலிக்கோன் கிறீஸ்தான் போட வேண்டும். சாதாரணக் கிறீஸ் றப்பரை ஊத வைக்கும்.

கேட்டவர்:
சனிக்கிழமை செய்தோம். இரண்டு அட்ஜஸ்ரரும் திரும்பவே இல்லை; ஒன்றை இரவு முழுக்க ஒயிலில் ஊற வைத்துத்தான் எடுத்தோம். முன் வலது கலிப்பரின் கம்பியும் இறுகித்தான் இருந்தது. இப்போது ஹாண்ட்பிறேக் ஆறு கிளிக், பெடல் முதல் மிதியிலேயே மேலே பிடிக்கிறது. டிஸ்க் பழையதேதான். பெரிய நன்றி அண்ணை.

பதில் (சுன்னாகம்):
சந்தோசம் தம்பி. ஒரு கிழமை கழித்து ஒயில் மட்டத்தைப் பாரும். குறைந்திருந்தால், எயார் எடுக்கத் திறந்த நிப்பிள்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாரும்.